கோட்டை இருக்கிறது, வீடுகள் எங்கே?

இங்கிலாந்தின் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்கு அருகே மவுன்ட்ஃபிட்செட் என்ற மரக்கோட்டை இருக்கிறது. 1066இல் நோர்மன்கள் நாட்டைக் கைப்பற்றிய பின்னர் அங்கே எழுந்த கோட்டையை 1215இல் மன்னர் ஜோனின் படை அழித்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது 1980களில் அதே இடத்தில் புதிதாகக் கட்டியதை. மரவேலி, காவற்கோபுரம், கூரை வேய்ந்த குடிசைகள், நடுவே திரியும் மான்களும் கோழிகளும். பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

இதில் எவ்வளவு உண்மை? நோர்மன் மரக்கோட்டை ஒன்றுகூட இன்று நிலைத்து நிற்கவில்லை. பயோ சித்திரத் துணியில் ஹேஸ்டிங்ஸ் கோட்டைக்கு மண்மேடு குவிக்கும் காட்சி உண்டு. மிச்சத்தை மண்ணுக்குள்தான் தேட வேண்டும். வேல்ஸில் ஹென் டோமன் என்ற இடத்தில் 1960இல் தொடங்கிப் பல்லாண்டு நடந்த அகழாய்வு, கோட்டை முற்றத்தில் கட்டடங்கள் நெருக்கியடித்து நின்றதைக் காட்டியது. ஆடம்பரப் பொருட்களோ மிகக் குறைவு. விசாலமான புல்வெளி முற்றம் நம் காலத்துக் கற்பனை.

கற்கோட்டை என்றால் சிக்கல் வேறு. டோவர் கோட்டையின் பெருங்கோபுரம் இரண்டாம் ஹென்றி 1180களில் கட்டியது. 2009இல் 24.5 இலட்சம் பவுண் செலவில் அதன் அறைகளை அவர் காலத்து அரண்மனையாக மாற்றினார்கள். கண்ணைப் பறிக்கும் நீலமும் சிவப்புமாகத் தளபாடங்கள், திரைகள். மிகையாகத் தெரிந்தாலும் அந்த வண்ணங்களுக்குப் பழைய கையெழுத்துச் சுவடிகளின் ஓவியங்களில் ஆதாரம் உண்டு. வெறுங்கற்சுவர்தான் அக்காலம் என்ற நம் எண்ணமே பிழை. ஆனால் நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே செங்கல் வளைவுக்கூரை. அது நெப்போலியன் காலத்தில் மேலே பீரங்கி ஏற்றுவதற்காகக் கட்டியது.

வண்ணமும் கூரையும் சிறிய விடயங்கள். எனக்கு உறுத்துவது வேறொன்று. மவுன்ட்ஃபிட்செட்டில் கிராமம் கோட்டையின் அணைப்பில் வாழ்வதுபோல இருக்கிறது. 1086இல் தொகுத்த டூம்ஸ்டே பதிவேடு காட்டும் படமோ வேறு. லிங்கன் நகரில் கோட்டைக்காக அழிந்தவை 166 வீடுகள். நோர்விச்சில் கோட்டை எடுத்துக்கொண்ட 98 வீட்டுமனைகள் ஆளில்லாமல் போயின. வென்றவர்கள் தோற்ற மக்களை அடக்கி வைக்கவே ஊருக்கு நடுவே கோட்டை கட்டினார்கள். காணாமற்போன அந்தத் தெருக்களை எவரும் மீளக் கட்டுவதில்லை. நுழைவுச்சீட்டு வாங்கி யார் பார்ப்பார்?

யோர்க்கில் நோர்மன் மண்மேட்டின் மேல் நிற்பது பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கற்கோபுரமான கிளிஃபர்ட்ஸ் டவர். 2022இல் அதனுள்ளே புதிய மரத்தளம் அமைத்தபோது பழமை வேடம் போடவில்லை. எது பழையது, எது புதியது என்று பார்த்தவுடனே விளங்குகிறது. அந்நகரின் ஏழு வட்டாரங்களில் ஒன்று கோட்டைகளுக்காகப் பாழாக்கப்பட்டது என்று அதே டூம்ஸ்டே பதிவேடு எழுதி வைத்திருக்கிறது.