மெகல்லன் படித்துறைச் சதுக்கம், ஹாம்பர்க்

மெகல்லன் படித்துறைச் சதுக்கம் என்பது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், பழைய சாண்ட்டோர் துறைமுகத்தின் தலைப்பகுதியில் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பொதுச் சதுக்கமாகும். பரப்பு ஏறத்தாழ 5,600 சதுர மீட்டர். அளவில் சிறியதே. எனினும், ஒரு நூற்றாண்டுக்கு மேல் சுங்க வேலிக்குப் பின்னால் இருந்த நீர்க்கரைக்கு நகர மக்கள் மீண்டும் இறங்கிச் செல்ல வழி செய்த இடங்களுள் இது முதன்மையானது.

துறைமுகம் உருவான வரலாறு

ஹாம்பர்க் கடற்கரை நகரமன்று. வட கடலிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. உள்ளே எல்பே ஆற்றின் கரையில் அமைந்துள்ளது. ஆனாலும் கடலின் ஏற்றவற்றம் இங்கு வரை வருகிறது. நாள்தோறும் இருமுறை ஆற்று நீர் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கப்பல்கள் ஆற்றின் நடுவே கட்டப்பட்டன. சரக்குகள் சிறு படகுகளில் கரை சேர்ந்தன. நீராவிக் கப்பல்களின் காலத்தில் இம்முறை போதவில்லை. லண்டனில் செய்ததைப் போல மதகுக் கதவுகளால் நீர்மட்டத்தைக் காக்கும் மூடிய துறைமுகம் வேண்டும் என்று சிலர் வாதிட்டனர். நகரின் நீர்ப்பொறியாளர் யோஹான்னஸ் டால்மன் திறந்த துறைமுகமே போதும் என்றார். அவர் கருத்தே வென்றது. 1866இல் சாண்ட்டோர் துறைமுகம் திறக்கப்பட்டது. கப்பல் நேராகத் துறைமேடையில் அணைய, நீராவிப் பளுதூக்கிகள் சரக்கை அங்கேயே கொட்டகைக்கும் ரயில் பெட்டிக்கும் மாற்றின. டால்மனின் அந்த முடிவால்தான் இன்றும் சதுக்கத்தின் அடியில் நீர் ஏறி இறங்குகிறது.

அடுத்து வந்தது சுங்கம். 1888இல் ஹாம்பர்க் ஜெர்மன் சுங்க ஒன்றியத்தில் சேர்ந்தது. அதற்கு ஈடாகத் துறைமுகத்தின் ஒரு பகுதி வரியில்லாப் பகுதியாக விடப்பட்டது. காப்பி, தேயிலை, நறுமணப் பொருள்களுக்கான செங்கல் கிடங்குகளைக் கட்ட, அங்கே குடியிருந்த ஏறத்தாழ 20,000 பேர் வெளியேற்றப்பட்டு அவர்களது வீடுகள் இடிக்கப்பட்டன. இன்று அக்கிடங்குகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் (2015). சுற்றுலாப் பயணிகள் வியந்து படமெடுக்கும் அந்தச் சுவர்கள், ஒரு குடியிருப்பே இருந்த இடத்தில் நிற்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1968இல் முதல் சரக்குப் பெட்டகக் கப்பல் ஹாம்பர்க் வந்தது. பெட்டகங்களை இறக்கி அடுக்கப் பரந்த வெளி வேண்டும். விரல் போல் ஒடுங்கிய பழைய துறைகளில் அதற்கு இடமில்லை. வணிகம் ஆற்றின் மறுபக்கம் நகர்ந்தது.

வெள்ளமும் வடிவமைப்பும்

இந்நிலத்தை நகருக்குத் திருப்பும் திட்டத்தை 1997 மே மாதம் மேயர் ஹென்னிங் ஃபோஷெராவ் அறிவித்தார். விலை ஏறிவிடக் கூடாது என்பதற்காக, அதற்கு முன்பே நகர நிறுவனமொன்று அங்கிருந்த உரிமைகளைச் சத்தமில்லாமல் வாங்கத் தொடங்கியிருந்தது. பின்னர் கட்டடம் கட்டுவோருக்கு நிலத்தை விற்ற பணம் சாலைகளுக்கும் சதுக்கங்களுக்கும் செலவிடப்பட்டது. ஹாஃபன்சிட்டி எனப்படும் இப்புதிய பகுதியின் பரப்பு 157 ஹெக்டேர்.

பெரிய சிக்கல் வெள்ளம். 1962 பிப்ரவரியில் வந்த புயல் வெள்ளத்தில் ஹாம்பர்க்கில் 315 பேர் இறந்தனர். புதிய பகுதியோ வெள்ளத்தடுப்புக் கரைக்கு வெளியே இருக்கிறது. சுற்றிலும் சுவர் எழுப்பினால் நீர் கண்ணுக்கே தெரியாது. ஆகவே வீடுகளையும் தெருக்களையும் ஏறத்தாழ 8 மீட்டர் உயர மண்மேடுகளின் மேல் அமைத்தனர். கடலை ஒட்டி வாழ்ந்த வட ஜெர்மானிய உழவர்கள் பண்டைக்காலம் முதல் கையாண்ட வழி அது. பழைய துறைமேடைகள் மட்டும் பழைய உயரத்திலேயே, சுமார் 5 மீட்டரில், நடைபாதைகளாக விடப்பட்டன.

மேட்டுக்கும் நீருக்கும் இடையிலான அந்த உயர வேறுபாடுதான் சதுக்கத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது. 2002இல் போட்டியில் வென்ற பார்சிலோனாவின் ஈஎம்பிடி நிறுவனம் (பெனெடெட்டா தல்யாபூவே தலைமையில்) ஒரே தளத்தைப் பரப்பாமல், அகன்ற படிகளாகவும் சாய்தளங்களாகவும் நிலத்தை இறக்கியது. நம் ஊர்க் குளத்துப் படித்துறையைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கீழே நீரில் மிதக்கும் மேடைகள் உள்ளன. அவை நீரோடு ஏறி இறங்குகின்றன. 2008 முதல் பழங்காலக் கப்பல்கள் அங்கே கட்டப்படுகின்றன.

2013 டிசம்பரில் சாவர் புயலின்போது நீர் 6.09 மீட்டர் வரை உயர்ந்தது. 1962இல் அது 5.70 மீட்டரே. தாழ்ந்த நடைபாதைகள் மூழ்கின. அவற்றை ஒட்டிய கட்டடங்களின் கீழ்த்தள வாயில்களை இரும்புக் கதவுகள் காத்தன. மூழ்கட்டும் என்று விட்ட பகுதி மூழ்கியது, அவ்வளவுதான்.

பெயரும் குறைகளும்

இப்பகுதியில் மெகல்லன், மார்க்கோ போலோ, வாஸ்கோ ட காமா ஆகியோரின் பெயர்கள் இடப்பட்டுள்ளன. காலனியாதிக்கத்தை மறந்து வைத்த பெயர்கள் என்று ஹாம்பர்க்கிலேயே எதிர்ப்பு எழுந்தது. கோழிக்கோட்டில் காமா செய்ததைப் படித்த நமக்கு அந்த எதிர்ப்பு நியாயமாகவே படும். டால்மனின் பெயரும் அருகிலுள்ள துறைமேடை ஒன்றுக்கு உண்டு, அது பொருத்தமானது.

கல்லும் கான்கிரீட்டும் மிகுதி, நிழல் குறைவு, காற்று அதிகம் என்பன சதுக்கத்தின் மீது சொல்லப்பட்ட குறைகள். 2007இல் அதே நிறுவனம் அருகே அமைத்த, ஏறத்தாழ 7,800 சதுர மீட்டர் பரப்புள்ள மார்க்கோ போலோ படித்துறையில் புல்மேடுகளும் மரப்பலகைத் தளங்களும் மரங்களும் இடம்பெற்றன. வெயில் நாள்களில் மக்கள் படுத்து இளைப்பாறுவது பெரும்பாலும் அங்கேதான்.