கார்டினல்ஸ் அணியின் பண்ணை முறை

அமெரிக்கப் பேஸ்பாலில் பண்ணை முறையை நிலைநிறுத்தியவர் பிராஞ்ச் ரிக்கி. இளமையில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பெரிய வீரர்களை வாங்க அவருடைய செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியிடம் பணம் இல்லை. ஆகவே 1920களில் சிறுநகர அணிகளைக் கைக்கொண்டு இளைஞர்களை அங்கே பழக்கினார். நாற்றங்காலில் நெருக்கி விதைத்து, தேறியதை மட்டும் பிடுங்கி நடுவது போன்ற ஏற்பாடு.

அப்படித் தேறியவர் பந்து எறியும் டிசி டீன். 1931இல் பண்ணை அணியான ஹூஸ்டனுக்காக 26 வெற்றிகள்; 1934இல் கார்டினல்ஸுக்காக 30 வெற்றிகள், கூடவே உலகத் தொடர் கோப்பை. 1937 ஆல் ஸ்டார் ஆட்டத்தில் அவர் கால்விரல் முறிந்தது. ஆறுமுன் ஆடியதில் எறியும் கையும் கெட்டது. 1938 ஏப்ரலில் ரிக்கி அவரைச் சிகாகோ கப்ஸுக்குக் கொடுத்து, 1,85,000 டாலரும் மூன்று வீரர்களும் பெற்றார். ரிக்கியின் கணக்கு தப்பவில்லை. அம்மூவரில் ஒருவரான கர்ட் டேவிஸ் 1939இல் 22 ஆட்டங்களை வென்றார். டீன் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

ஆனால் இங்கே நாற்றுகள் மனிதர்கள். பண்ணையில் தேங்கியவர் தாமாக வேறு அணிக்குப் போக அன்று முடியவில்லை. ஒரே லீக்கில் பல அணிகளைக் கார்டினல்ஸ் மறைமுகமாக ஆட்டிவைத்ததைக் கண்டித்து, 1938 மார்ச்சில் பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ் 70க்கும் மேற்பட்ட வீரர்களை விடுவித்தார். அவர்களில் ஒருவரான பீட் ரைசர், 1941இல் புரூக்ளினுக்காக ஆடி, நேஷனல் லீக்கின் மட்டை சராசரியில் முதலிடம் பெற்றார்.