வேங்கடத்தில் குடியேறுதல்: ஓர் ஆயிரமாண்டு விவாதம்

திருவரங்கத்தில் ஒருநாள் திருவாய்மொழிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த இராமானுசர், இடையில் நிறுத்திச் சீடர்களை நோக்கி ஒரு கேள்வி கேட்டார் என்று வைணவக் குருபரம்பரை மரபு கூறுகிறது. திருவேங்கட மலைக்குப் போய், அங்கேயே தங்கி, நந்தவனம் அமைத்து, நாள்தோறும் இறைவனுக்குப் பூமாலை கட்டித் தர யார் முன்வருவீர் என்பது கேள்வி. அவை வாய் திறக்கவில்லை. மலையின் குளிரும் காடும் அனைவரும் அறிந்தவை. காவிரிக்கரை வாழ்வை விட்டுவிட்டு அங்கே போய் நிலையாக இருப்பது வேறு, யாத்திரையாகப் போய்த் திரும்புவது வேறு. கடைசியில் எழுந்து நின்றவர் அனந்தாழ்வான் ஒருவரே. அவரும் காவிரிச் சோழநாட்டினர் அல்லர். கன்னட நாட்டுச் சிறுபுத்தூரிலிருந்து வந்தவர்.

இக்கதையைப் பின்னாளில் எழுதிவைத்தவர்கள் அந்த மௌனத்தை மறைக்கவில்லை. அடியார்கள் கூடத் தயங்கினர் என்பதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். இன்று சித்தூர், புத்தூர், நகரி வீடுகளிலும், சென்னையிலும் பெங்களூரிலும் ஓய்வுபெறப் போகிறவர்களிடையிலும் ‘திருப்பதியிலேயே போய் இருந்துவிடலாமா’ என்ற பேச்சு எழுகிறது. ஒரு தரப்பார் தரிசனத்தையும் கல்லூரிகளையும் மருத்துவமனைகளையும் ரயில் வசதியையும் எடுத்துக்காட்டுவர். மறுதரப்பார் தண்ணீரையும் நெரிசலையும் வாடகையையும் சொல்வர். அத்தோடு இந்த ஊர் யாருக்காக இயங்குகிறது, இருப்பவருக்கா வருபவருக்கா என்றும் கேட்பர். இவற்றுள் கடைசிக் கேள்விதான் மிகப் பழையது. சான்றுகள் மிகுதியாகக் கிடைப்பதும் அதற்கே.

சங்கப் பாடல்களில் வேங்கடம் பெரிதும் கடந்துபோகும் எல்லையாகவே வருகிறது. புல்லி என்னும் தலைவனுக்குரிய அம்மலையைத் தாண்டி, மொழி வேறுபட்ட நாட்டுக்குப் பொருள் தேடிப் போனவர்களை அகநானூற்றில் மாமூலனார் பாடுகிறார். தமிழின் வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் குறிப்பதும் அதே மலையைத்தான். அங்கேயே இருந்துவிட வேண்டும் என்ற ஏக்கம் ஆழ்வார்கள் காலத்தில் எழுகிறது. குலசேகராழ்வார் அரச வாழ்வு வேண்டாம் என்கிறார். வேங்கடத்துச் சுனையில் குருகாக, மீனாக, காட்டில் செண்பக மரமாக, மலையின் சிகரமாக, கானாறாக, கோயில் வாசலில் படியாகக் கிடக்கும் பேறு கேட்கிறார். பொன்வட்டில் ஏந்தி உள்ளே புகும் பணியாளனும் அந்த வரிசையில் உண்டு. வீடு கட்டிக் குடியிருப்பவன் மட்டும் இல்லை. கவிஞரின் நோக்கம் வேறாக இருந்தாலும், மலையின் பிற்கால வரலாறு இந்த வரிசைக்கு வியப்பூட்டும் அளவில் ஒத்துப்போகிறது: பணி செய்பவருக்கு அங்கே இடமுண்டு, பணிக்குப் புறம்பாக வாழ வந்தவருக்கு உறுதியான இடம் ஒருபோதும் இருந்ததில்லை.

பணியென்றாலும் எளிய பணி அன்று. இராமானுசரின் தாய்மாமன் பெரிய திருமலை நம்பி மலையிலேயே வாழ்ந்து, நாள்தோறும் பாபவிநாசம் சென்று திருமஞ்சனத்துக்கு நீர் சுமந்தார் என்பது மரபு. முதுமையில் அவர் படும் பாட்டைக் கண்டு இறைவனே வேடனாக வந்து அருகிலேயே ஆகாசகங்கையைத் தோற்றுவித்தான் என்பர். புராணச் சாயலை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது ஒரு தண்ணீர்ப் பஞ்சத்தின் நினைவு. அனந்தாழ்வான் கதையும் தண்ணீரைச் சுற்றியே அமைகிறது: நந்தவனத்துக்காக ஏரி வெட்டும்போது, நிறைமாத மனைவி மண் சுமந்தாள், உதவ வந்த சிறுவனை அவர் கடப்பாரையால் அடிக்க, காயம் இறைவனின் மோவாயில் தெரிந்தது. திருமலையில் கோகர்ப்பம் முதல் குமாரதாரை, பசுபுதாரை வரை அணை மேல் அணை கட்டவேண்டி வந்ததும், அடிவாரத்துக்குக் கல்யாணி அணையும் பின்னர்த் தெலுங்குகங்கை நீரும் தேவைப்பட்டதும் அதே பஞ்சத்தின் தொடர்ச்சிதான்.

அனந்தாழ்வானைப் பற்றிய மற்றொரு கதை அதிகம் பேசப்படுவதில்லை. ஒருமுறை மலையிலிருந்து வேற்றூர் புறப்பட்ட அவர், வழியில் உணவு மூட்டையைப் பிரித்தபோது அதில் எறும்புகள் ஊர்ந்தனவாம். வேங்கடத்தில் ஏதேனும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று வரம் கேட்ட அடியார்களே இவ்வெறும்புகளாக இருக்கலாம், இவற்றை மலையிலிருந்து பிரிக்கலாகாது என்று கருதி, மீண்டும் மேலேறி அங்கேயே விட்டுவந்தார் என்பது கதை. குடியுரிமை பற்றி இவ்வளவு கனிவான சிந்தனை பின்வந்த நிர்வாகங்களிடம் காணக் கிடைப்பதில்லை.

மலை தன் மக்களைத் தாங்காததால் அடிவாரம் வளர்ந்தது. தொடக்கத்தில் கோயில் அறக்கட்டளைகளைக் கீழே திருச்சுகனூர், அதாவது இன்றைய திருச்சானூர்ச் சபையார் கவனித்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இராமானுசரே கூடப் புனித மலையை மிதிக்கத் தயங்கி அடிவாரத்தில் தங்க, திருமலை நம்பி நாள்தோறும் இறங்கிவந்து ஓராண்டு இராமாயணம் கற்பித்தார் என்பது மரபு. 12ஆம் நூற்றாண்டில் கோவிந்தராசப் பெருமாள் கோயிலைச் சுற்றி எழுந்த குடியிருப்பே இன்றைய திருப்பதி நகரின் கரு. மேலே போவதா, கீழே இருப்பதா என்ற விவாதத்தில் ஆசாரியரின் நடைமுறை கீழே இருப்பதன் பக்கம் நின்றது எனலாம்.

கீழே இருப்பதற்குப் பொருளாதாரக் காரணம் விசயநகரக் காலத்தில் கிடைத்தது. 1931 முதல் தேவஸ்தானம் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகள் இதற்குப் பெரும் சுரங்கம். ஆயிரத்துக்கு மேற்பட்ட அக்கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. ஒருவர் கோயிலுக்குப் பணம் கொடுப்பார். கோயில் அப்பணத்தைத் தேவதான ஊர்களில் ஏரி, கால்வாய் வெட்டச் செலவிடும். பாசனத்தால் கூடும் விளைச்சலிலிருந்து அவர் பெயரில் நாள்தோறும் அமுதுபடி நடக்கும். படைத்த பிரசாதத்தில் கொடையாளருக்கு உரிய நான்கில் ஒரு பங்குக்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். அப்பங்கு கைமாறியது, யாத்திரிகர்களிடம் உணவாகச் சென்றது. பர்ட்டன் ஸ்டெயின் 1960இல் வெளியிட்ட கட்டுரை இந்தச் சுழற்சியைத்தான் விளக்கியது. சாளுவ நரசிம்மர் காலத்தில் கந்தாடை இராமானுச ஐயங்கார் பொறுப்பிலிருந்த இராமானுசகூடங்கள் இதே பொருளாதாரத்தில் இயங்கின. ஊரில் குடியேறியவரின் வயிறு நிலத்தை நம்பி இருக்கவில்லை, வருவோரின் பக்தியை நம்பி இருந்தது. வறட்சியிலும் நிற்காத வருமானம் அதன் நலம். வருவோர் குறைந்தாலோ, பங்கை வகுக்கும் அதிகாரம் மாறினாலோ ஆதாரமே போய்விடும் என்பது அதன் கேடு.

இதே காலத்தில் தெலுங்குக் குடியேற்றமும் வலுப்பெற்றது. கடப்பைப் பகுதித் தாள்ளப்பாக்கத்திலிருந்து பதின்பருவத்தில் மலையேறியதாகச் சொல்லப்படும் அன்னமாச்சாரியார் அதன் பேரடையாளம். அவர் குடும்பத்தின் சங்கீர்த்தனங்கள் தெலுங்கில் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு கோயிலுக்குள் காக்கப்பட்டன. அதே குடும்பத்தார் அளித்த கொடைகளோ பெரிதும் தமிழில் கல்லில் வெட்டப்பட்டன. ஒரே வீட்டார் பாட்டுக்கு ஒரு மொழியும் பத்திரத்துக்கு மற்றொரு மொழியும் கொண்டிருந்தனர். இருமொழியம் குறித்த பாடநூல்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. குடியேறியவர்கள் மாறினாலும் சொற்கள் தங்கிவிட்டன. தோள்மாலை ‘தோமால’ ஆகி நாள்தோறும் ஒலிக்கிறது. கோயிலின் பழைய கணக்காண்டு தொடங்கும் ‘ஆணிவார ஆஸ்தான’த்துக்குள் தமிழின் ஆனி மாதம் இருக்கிறது.

இனி மலைமேல் வாழ்ந்தவர்களின் கதைக்குத் திரும்பலாம். 1843இல் கிழக்கிந்தியக் கம்பெனி கோயில் பொறுப்பை ஹாதிராம்ஜி மடத்திடம் ஒப்படைத்தது. 1933இல் சட்டத்தின் வழியே தேவஸ்தானக் குழுவிடம் அது வந்தது. இவ்விரண்டையும்விட மலைவாசிகளின் நிலையை மாற்றியது 1944 ஏப்ரலில் திறக்கப்பட்ட மலைச்சாலை. அதுவரை அலிபிரிப் படிகளிலோ டோலியிலோ ஏறிவந்தவர் இரவு தங்கியே ஆகவேண்டும். அவருக்குத் திண்ணையும் சோறும் தருவதற்கு மேலே குடும்பங்கள் வேண்டும். பேருந்து வந்தபின் காலையில் ஏறி மாலையில் இறங்கலாம். பூசகரும் சமையற்காரரும் கடைக்காரரும் கூடக் கீழே குடியிருந்துகொண்டு மேலே வேலை பார்க்கலாம். மலைமேல் குடியிருப்பதற்கான காரணம், யாரும் அறிவிக்காமலேயே, பாதியாகக் குறைந்தது.

அதன்பின் நூற்றாண்டின் பிற்பாதியில் கோயிலைச் சுற்றியிருந்த தனியார் வீடுகள் கட்டம் கட்டமாகக் கையகப்படுத்தப்பட்டன. மாட வீதிகள் அகன்றன. குடும்பங்களில் சில மலையிலேயே பாலாஜி நகருக்கும், பல கீழ்த்திருப்பதிக்கும் போயின. 2003இல் கோயிலின் முன்னிருந்த ஆயிரங்கால் மண்டபமும் அகற்றப்பட்டது. இதில் இரு தரப்பாரின் வாதத்திலும் நியாயமுண்டு. குறுகிய தெருக்களில் இலட்சம் பேர் திரளும் விழாநாளில் நெரிசலில் உயிர்போகும் ஆபத்து கற்பனை அன்று. வீதியை அகலமாக்காமல் கருட சேவையை நடத்த முடியாது. மறுபுறம், தலைமுறைகளாக அவ்விடத்தில் வாழ்ந்தவருக்கு இழப்பீடு சுவருக்கும் கூரைக்கும் கணக்கிடப்பட்டது. கோயில் மணியோசை கேட்கும் தூரத்தில் வாழ்ந்ததற்கு எந்த அட்டவணையிலும் மதிப்பில்லை. எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று ஒப்புக்கொள்பவர்களும், எடுத்த முறை வாழ்ந்தோரை இடையூறாகப் பார்த்த முறை என்பதை மறுக்க இயலாது.

வீட்டுரிமை போன அதே காலத்தில் பணியுரிமையும் போனது. அர்ச்சகர் முதலியோரின் பரம்பரை மிராசு முறையும், லட்டு உள்ளிட்ட பிரசாதங்களில் அவர்களுக்கிருந்த பங்கும் 1987ஆம் ஆண்டு ஆந்திர அறநிலையச் சட்டத்தால் நீக்கப்பட்டன. 1996இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. சிலருக்கே உரியதாக இருந்த வருமானத்தை முடித்துவைத்தது என்ற வகையில் அதற்கு வலுவான நியாயம் இருந்தது. ஆனால் விட்டவன் விழுக்காட்டுக் காலம் முதல் பங்கின் மேல் கட்டப்பட்ட குடியிருப்பு முறைக்கு அதுவே முற்றுப்புள்ளி.

அடிவாரமோ வேறு திசையில் வளர்ந்தது. வட ஆர்க்காட்டின் தலைமையிடமாக இருந்த சித்தூர், 1911 ஏப்ரல் 1 அன்று தனி மாவட்டத்தின் தலைமையிடமானது. அதன்பின் ஒரு நூற்றாண்டு அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் சித்தூர், கோயிலுக்கும் படிப்புக்கும் திருப்பதி என்ற வேலைப்பிரிவு நிலவியது. திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருட்டிணன் எட்டு வயதில் திருப்பதி லுத்தரன் மிசன் பள்ளிக்கு அனுப்பப்பட்டது 1896இல்; பெற்றோர் பிள்ளையின் படிப்புக்காகத் திருப்பதியை நாடுவது அவ்வளவு பழைய வழக்கம். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது மாவட்டம் முழுதும் அதனுடன் போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய எல்லைப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு சித்தூருக்குப் போயிற்று. குடும்பங்கள் நகரவில்லை, எல்லை நகர்ந்தது. அதன்பின் அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களுக்குத் திருப்பதி என்பது வாய்ப்பும் விலையும் சேர்ந்த ஊராயிற்று. 1954இல் வந்த திருவேங்கடவன் பல்கலைக்கழகம், 1983இல் மகளிர் பல்கலைக்கழகம், 2015இல் ஐஐடியும் ஐசரும்: பிள்ளைகளின் வாழ்வுக்கு இவற்றை மறுக்க முடியாது. அங்கே குடியேறிய தாத்தா தமிழில் கடிதம் எழுதினார். மகன் தமிழ் பேசித் தெலுங்கில் எழுதினான். பேத்திக்குத் தமிழ் வீட்டுக்குள் மட்டும் கேட்கும் மொழி. இதை இழப்பென்று அழுவதும், இயல்பென்று தட்டிக்கழிப்பதும் ஆய்வுக்கு உதவா. குடியேறுவதா என்று முடிவெடுக்கும் வீட்டில் வாடகையோடு இதையும் ஒரு வரியாகக் கணக்கில் எழுதியிருக்க வேண்டும், எழுதியவர்கள் குறைவு.

2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகி, சித்தூரிடமிருந்த அலுவலகப் பெருமையிலும் பாதியை எடுத்துக்கொண்டது. 2011 கணக்கெடுப்பில் நகரத்து மக்கள் ஏறத்தாழ 2.87 இலட்சம். திருமலையில் வாழ்ந்தவர்கள் எட்டாயிரத்துக்கும் குறைவு. அங்கே ஒரே நாளில் தரிசனத்துக்கு வருவோர் அறுபதாயிரத்துக்கு மேல்.

பிரம்மோற்சவம் முடிந்த மறுநாள் திருமலையில் ‘பாக் சவாரி’ நடக்கிறது. தெலுங்கு நாட்டு மலையில், கன்னட நாட்டிலிருந்து வந்த தமிழ் வைணவரின் தோட்டத்துக்கு இறைவன் போவதற்குப் பாரசீகப் பெயர். மலையப்பர் வழக்கமான வலத்துக்கு எதிர்த்திசையில் சுற்றி, கோயிலுக்குப் பின்னுள்ள அனந்தாழ்வான் தோட்டத்துக்கு எழுந்தருள்கிறார். அனந்தாழ்வான் மரபினர் வந்திருந்து வரவேற்கின்றனர். கடப்பாரை மகாத்துவாரத்துச் சுவரில் தொங்குகிறது.