பள்ளியில் பேச்சுரிமையும் புண்படுத்தும் சொல்லும்: ஒரு கிறிஸ்தவ நோக்கு

கடைவீதியில் ஒருவர் பேசுவது பிடிக்காவிட்டால் கேட்பவர் விலகிப் போய்விடலாம். வகுப்பறையில் அது முடியாது. மாணவர் உட்கார்ந்து கேட்டாக வேண்டும்; பேசுகிற ஆசிரியர் கையில் மதிப்பெண்ணும் தண்டனையும் இருக்கின்றன. ஆகவே பள்ளியில் பேச்சுரிமையை ஆராயும்போது என்ன பேசப்பட்டது என்பதோடு, யார் முன்னால், எவ்வளவு அதிகாரத்தோடு பேசப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கிறிஸ்தவச் சிந்தனை இவ்விரண்டையும் மனச்சாட்சி என்ற ஒரே அடித்தளத்தில் வைத்து எடைபோடுகிறது.

வேத அடிப்படை

அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் 4ஆம் அதிகாரத்தில் பேதுருவும் யோவானும் பேசக் கூடாது என்ற ஆணைக்குப் பணிய மறுக்கிறார்கள். பேசும் உரிமைக்குக் கிறிஸ்தவர்கள் காட்டும் முதல் சான்று இது. 19ஆம் அதிகாரம் பள்ளிக்கு இன்னும் நெருக்கமானது. எபேசு நகரில் பவுல் திறன்னு என்பவருடைய வித்தியாசாலையில் இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் தர்க்கம் செய்தார். பின்னர் ஊரில் கலகம் மூண்டபோது, இவர்கள் நம் தேவியைப் பழித்தவர்கள் அல்லர் என்று கூட்டத்துக்கு எடுத்துச் சொன்னவர் கிறிஸ்தவரல்லாத ஒரு நகர அதிகாரி. தன் கொள்கையை ஒளிக்காமல் பேசுவதும், பிறர் வணங்குவதை இழிவுபடுத்தாமல் இருப்பதும் ஒருவரிடத்தில் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு இது சான்று. நாவின் கேட்டை விரித்துரைக்கும் யாக்கோபு நிருபத்தின் 3ஆம் அதிகாரமும், சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குவோரைக் கடுமையாக எச்சரிக்கும் மாற்கு 9ஆம் அதிகாரமும் பேசுவோரின் பொறுப்பைச் சுட்டுகின்றன.

திருச்சபை எல்லாக் காலத்திலும் இந்த வழியில் நடக்கவில்லை. ரோமாபுரி 1559இல் வெளியிட்ட தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் 1966 வரை நடைமுறையில் இருந்தது. மறுபுறம், அச்சிடுமுன் அனுமதி பெற வேண்டும் என்ற இங்கிலாந்துச் சட்டத்தை எதிர்த்து 1644இல் நூல் எழுதிய ஜான் மில்டனும் வேதத்தில் ஊறிய கிறிஸ்தவரே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட சமய உரிமை அறிக்கை, மனச்சாட்சியை எவரும் வற்புறுத்தலாகாது என்று அறுதியிட்டது. வறியோரிடமும் கல்லாதோரிடமும் சமயம் பேசும்போது வற்புறுத்தலின் சாயல்கூட இருக்கக் கூடாது என்பது அதன் தனிக் குறிப்பு.

புனேயின் சாரதா சதன்

இந்தக் குறிப்பின் பொருளைப் புனே நகரம் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நேரில் கண்டது. 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்ற பண்டித ரமாபாய், 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் சாரதா சதன் என்ற உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது புனேக்கு மாறியது. பள்ளியில் தங்கியவர்களில் உயர்சாதி இளம் விதவைகள் பலர். செலவை ஏற்றது பாஸ்டனில் அமைந்த ரமாபாய் சங்கம். பள்ளியில் சமயப் போதனை இருக்காது என்பது உடன்பாடு. இந்துச் சீர்திருத்தவாதிகளான மகாதேவ கோவிந்த ரானடேயும் ஆர். ஜி. பண்டார்கரும் ஆலோசனைக் குழுவில் இருந்தார்கள். பெண்கள் தங்கள் ஆசாரப்படி உண்ணவும் வழிபடவும் தடையில்லை.

ரமாபாய் தம் அறையில் வேதம் வாசித்து ஜெபித்தார், கதவைச் சாத்தவில்லை. யாரையும் அழைக்கவில்லை, வந்து அமர்ந்தவர்களைப் போகச் சொல்லவும் இல்லை. இதுவே பூசலாயிற்று. திலகரின் ‘கேசரி’ இதழ் கடுமையாகத் தாக்கியது. 1893இல் ரானடேயும் பண்டார்கரும் குழுவிலிருந்து விலகினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பெண்களைப் பாதுகாவலர்கள் அழைத்துப் போனார்கள். வெளிப்படையாகக் கிறிஸ்துவைப் போதிக்கவில்லை என்று மிஷனரிகளில் சிலர் இன்னொரு பக்கம் குறைபட்டார்கள்.

இந்தப் பூசலில் இருதரப்பிலும் நியாயம் இருந்தது. தம் அறையில் ஜெபிக்க ரமாபாய்க்கு இருந்த உரிமையை எவரும் மறுக்க முடியாது. அவ்வாறே, வேறு போக்கிடமற்ற சிறு பெண்கள் தங்களுக்குச் சோறும் படிப்பும் தருபவரின் நம்பிக்கையால் எளிதில் ஈர்க்கப்படுவார்கள் என்ற அச்சத்தையும் புறந்தள்ள முடியாது. பாஸ்டன் சங்கத்தோடு இருந்த பத்தாண்டு உடன்பாடு 1898இல் முடிந்தபின் ரமாபாய் தம் பணியைப் புனே மாவட்டத்துக் கேட்காவில், முக்தி மிஷன் என்ற வெளிப்படையான கிறிஸ்தவ நிறுவனமாக நடத்தினார். நிறுவனத்தின் நிறம் எதுவென்று முன்கூட்டியே தெரிந்தால் சேர்வோர் தெரிந்து சேரலாம்.

சட்டம் வகுத்த வழி

இந்திய அரசியலமைப்பு இந்தச் சிக்கலுக்கு நேரடி விடை தருகிறது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் சமயப் போதனையிலும் வழிபாட்டிலும் கலந்துகொள்ள மாணவரின் ஒப்புதல் வேண்டும். சிறுவராயின் பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 28(3)ஆம் உறுப்பு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளும் இதற்கு உட்பட்டவையே.

மௌனமும் பேச்சுரிமையில் அடங்கும் என்பதை நிலைநாட்டியது கேரளத்தின் பிஜோ இம்மானுவேல் வழக்கு. யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. 1985 ஜூலையில் பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு, பேச்சுரிமையும் மனச்சாட்சி உரிமையும் மீறப்பட்டன என்று கூறி அவர்களைத் திரும்பச் சேர்க்க ஆணையிட்டது. பெரிய திருச்சபைகள் அப்பிரிவின் கோட்பாட்டை ஏற்பதில்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பின் காப்பு எல்லாச் சமயப் பிள்ளைகளுக்கும் உரியது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளில் எல்லையை வரைந்து காட்டியது. வியட்நாம் போருக்கு வருந்திக் கறுப்புப் பட்டை அணிந்த மாணவர்களுக்கு 1969இல் ஆதரவாகத் தீர்ப்பளித்தது. பள்ளிக் கூட்டத்தில் ஆபாசச் சாடையோடு பேசிய மாணவரைத் தண்டித்தது சரியென்று 1986இல் கூறியது. கறுப்புப் பட்டை அணிந்தவர்களில் ஒரு மெதடிஸ்ட் போதகரின் பிள்ளைகளும் இருந்தார்கள்.

புண்பட்டவர் செய்யத்தக்கது

2010இல் மேகாலயாவில் தொடக்கப் பள்ளி எழுத்துப் பயிற்சி நூலொன்றில் இயேசுவின் கையில் சிகரெட்டும் பீரும் இருப்பதாகப் படம் வந்தது. கத்தோலிக்கத் திருச்சபை கண்டித்து, அப்பதிப்பாளரின் நூல்களைத் தன் பள்ளிகளிலிருந்து விலக்கியது. அரசு பிரதிகளைக் கைப்பற்றியது. சிறு பிள்ளைகளின் பாடநூலுக்குத் தேர்வுப் பொறுப்பு உண்டு. பொருந்தாததை நீக்கக் கேட்பது முறையான வழி.

2012 மே மாதம் புனேயில் நடந்தது வேறு. என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்பு அரசியல் பாடநூலில் அம்பேத்கரைக் காட்டும் சங்கரின் பழைய கேலிச்சித்திரம் இருந்தது. அது அவரை இழிவுபடுத்துகிறது என்று நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. நூலின் ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் பதவி விலகினார்கள். மறுநாள் புனே பல்கலைக்கழகத்தில் பல்ஷிகரின் அலுவலகம் சூறையாடப்பட்டது. அந்தச் சித்திரம் தலித் மாணவர் மனத்தில் என்ன செய்யும் என்று கேட்டது நேர்மையான கேள்வி. அலுவலகத்தை உடைத்தது அந்தக் கேள்வியையே மறைத்துவிட்டது.

சமய உணர்வை வேண்டுமென்றே, தீய நோக்கோடு புண்படுத்துவதை இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1927இல் சேர்க்கப்பட்ட 295-ஏ பிரிவு தண்டித்தது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு அதன் இடத்தில் நிற்கிறது. தன்னைப் பழித்தோரைத் தண்டிக்கக் கேளாத கிறிஸ்துவைப் பின்பற்றுவோர், வகுப்பறைத் தவறு ஒவ்வொன்றுக்கும் காவல் நிலையத்தை நாடுவது அவர்கள் நெறிக்குப் பொருந்தாது.

பள்ளி நடைமுறை

இவற்றிலிருந்து கிறிஸ்தவப் பள்ளிகளுக்கு நான்கு நெறிகள் கிடைக்கின்றன. கருத்தைச் சாடும் பேச்சுக்கு விடையளிக்க வேண்டும். திருச்சபையைக் குறைகூறும் மாணவர் கட்டுரைக்கும் இது பொருந்தும். சாதி, நிறம், உடற்குறை சொல்லி ஒரு பிள்ளையை இழிவுபடுத்தும் பேச்சு கருத்து ஆகாது. அதைத் தடுப்பது பலவீனரைக் காக்கும் கடமை. ஆசிரியர் தம் நம்பிக்கையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மதிப்பெண்ணையும் சலுகையையும் அதனோடு முடிச்சுப் போடலாகாது. தண்டிக்குமுன் பிள்ளை சொல்வதைக் கேட்க வேண்டும். திருத்துவதே தண்டனையின் நோக்கமாக இருக்க வேண்டும். வேற்றுப் பள்ளியில் படிக்கும் கிறிஸ்தவப் பிள்ளைக்கு எந்த உரிமை வேண்டுமென்று திருச்சபை கேட்கிறதோ, அதே உரிமையைத் தன் பள்ளியில் படிக்கும் இந்து, முஸ்லிம், பௌத்தப் பிள்ளைகளுக்கும் அது தர வேண்டும் என்பதே இந்நெறிகளின் சாரம்.