இரைச்சலைத் தேடிப் போனவர்கள்

போன மாசம் பூரா என் ரேடியோவில் ஒரே 'கொர்ர்ர்'. 21 மெகாஹெர்ட்ஸ் பக்கம் எங்கே திருப்பினாலும் அதேதான். ஒரு ஜப்பான்காரர் தொண்டை கிழியக் கூப்பிடுகிறார், பாதிதான் காதில் விழுது. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில் மாட்டி, வீட்டு மெயினை அணைத்தேன். மிக்ஸியில் சட்னி பாதியில் நின்றதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை :-) அப்புறம் ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுப் பார்த்ததில் ஆள் அகப்பட்டான். மீன் தொட்டி விளக்கின் அடாப்டர்!

அதைப் பிடுங்கிப் போட்டதும் 'கொர்ர்' போச்சு. ஆனா அடியில் மெல்லிசா ஒரு 'உஸ்ஸ்' மிச்சம் இருந்தது. ஏரியல் வயரைக் கழற்றினால் குறையுது, மாட்டினால் ஏறுது. அப்போ அது ரேடியோவுக்குள்ளே இருந்து வரலை, வெளியே இருந்து வருது. அதில் ஒரு பங்கு எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்ச கதைதான் இது.

அமெரிக்காவில் பெல் லேப்ஸ் கம்பெனிக்கு அட்லாண்டிக் தாண்டி ரேடியோ வழியா டெலிபோன் பேச வைக்கிற வேலை. நடுவில் இரைச்சல். அது எங்கிருந்து வருதுன்னு பார்க்க கார்ல் ஜான்ஸ்கி என்ற இளைஞரை வைத்தார்கள். நியூ ஜெர்சியில் ஹோம்டெல் என்ற ஊரில், ஃபோர்டு மாடல் டி கார் சக்கரங்கள் மேல், 20 நிமிஷத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிற ஏரியல் கட்டினார். 20.5 மெகாஹெர்ட்ஸ், நம்ம 21-க்குப் பக்கத்து வீடு. கிட்டத்து இடி ஒரு வகை, தூரத்து இடி ஒரு வகை, மூன்றாவதா இந்த 'உஸ்ஸ்'.

1931 டிசம்பர் வாக்கில் அது சூரியன் இருக்கிற திசையிலிருந்து வருவது மாதிரி இருந்தது. மாசம் போகப் போக சூரியன் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். சத்தம் திரும்பி வர 24 மணி நேரம் ஆகலை, 23 மணி 56 நிமிஷம்தான். அது நட்சத்திரங்களின் கணக்கு! திசை தனுசு ராசி, நம்ம பால்வீதியின் நடு மையம். மார்கழியில் சூரியன் தனுசில் நிற்பது நம்ம வீட்டுப் பாட்டிக்கே தெரியும், மனுஷர் முதலில் குழம்பியதும் அதனால்தான். 1933-ல் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது. அப்புறம்? கம்பெனி அவரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டது. டெலிபோனுக்குத் தேவையான பதில் கிடைச்சாச்சே. 1950-ல், 44 வயசில் இறந்தும் போனார்.

இதை விடாமல் பிடித்துக்கொண்டவர் நம்ம ஜாதி, அதாவது ஹாம் ஜாதி. குரோட் ரீபர், அழைப்புக்குறி டபிள்யூ9ஜிஎஃப்இசட். பெல் லேப்ஸில் வேலை கேட்டார், பஞ்ச காலம், கிடைக்கலை. 1937-ல் சிகாகோ பக்கம் வீட்டன் என்ற ஊரில், வீட்டுப் பக்கத்து மனையில், சொந்தக் காசில் 31 அடி விட்டத்தில் ஒரு கிண்ணம் கட்டினார். மழை பெய்தால் நடு ஓட்டை வழியா தண்ணி கொட்டும். தண்ணி பிடிக்கத்தான் கட்டியிருக்கான்னு ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டார்களாம்.

முதலில் 3300 மெகாஹெர்ட்ஸில் தேடினார். ஒண்ணுமில்லை. 900 சுமாரில் தேடினார், அதிலும் இல்லை. வேற ஆளா இருந்தா பழைய இரும்புக்குப் போட்டிருப்பான். இவர் ரிசீவரை மறுபடி கட்டி, 1938 வாக்கில் 160-க்கு இறங்கினார். கிடைச்சது!

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். பகலில் தெருவில் போகிற கார்களின் ஸ்பார்க் பிளக் இரைச்சல் எல்லாத்தையும் அமுக்கிவிடும். அதனால பகலில் சிகாகோவில் ரேடியோ கம்பெனி வேலை, சாயங்காலம் தூக்கம், நடு ராத்திரி எழுந்து விடிய விடிய அளவு எடுப்பது. கார்காரனிடம் போய் வண்டியை நிறுத்துன்னு சொல்ல முடியுமா? கிட்டத்தட்ட பத்து வருஷம், இந்த உலகத்தில் ரேடியோ வானியலுக்குன்னு இருந்த ஒரே ஆள் இவர்தான். 1944-ல் வானத்தின் ரேடியோ வரைபடமே போட்டுவிட்டார். அந்தக் கிண்ணம் இப்போ மேற்கு வர்ஜீனியாவில் கிரீன் பேங்க் ஆய்வகத்தில் இருக்கு. அவர் பிற்பாடு டாஸ்மேனியா போய், 2002-ல் காலமானார்.

நேற்று ராத்திரி மறுபடி கொஞ்சம் 'கொர்ர்' கேட்டது. மெயினை அணைத்தும் போகலை. கையடக்க டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் நடந்து பார்த்தேன், பக்கத்து வீட்டு மதில் ஓரமா ஏறுது. அந்த வீட்டு மாமா காலை ஆறு மணிக்கு வாக்கிங் கிளம்புவார். அப்போ பிடிச்சுக் கேட்கணும்.