பம்பரில் படிந்த போர் தண்ணீர்

காரைக்காலில் கார் துடைத்த கதையைச் சொல்ல வேண்டுமானால் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும். துணியும் பாலிஷும் அதற்கப்புறம்.

நான் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டியவன். திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி, திருக்கடையூர் என்று ஒரே நாளில் சுற்றிக் காட்டும் சவாரிதான் எங்கள் ஸ்டாண்டுக்குச் சோறு போட்டது. எல்லாம் கடலிலிருந்து அதிக தூரமில்லாத ஊர்கள். வெளியூர்க்காரர் வண்டி பிடிக்கும்போது இன்ஜினைப் பார்க்க மாட்டார், முன் பம்பரைத்தான் பார்ப்பார். அதில் அவர் முகம் தெரிந்தால் ஏறுவார். வெள்ளை வெள்ளையாகப் புள்ளி இருந்தால் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்.

மோட்டார் வண்டியின் முதல் பளபளப்பு பித்தளை. விளக்கு, ஹார்ன், ரேடியேட்டர் கூடு எல்லாம் அதில்தான். ஃபோர்டு மாடல் டி 1916 வரை பித்தளை ரேடியேட்டரோடு வந்தது, 1917இல் அதைக் கறுப்பாக்கிவிட்டார்கள். பித்தளை தேய்க்க நம் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புளி, சாம்பல், செங்கல் தூள், தேங்காய் நார். பின்னால் நிக்கல் முலாம் வந்தது. 1920களின் நடுவில் அமெரிக்காவில் அந்த நிக்கலுக்கு மேல் குரோமியம் பூசத் தொடங்கினார்கள். அதற்குக் காற்றில் மங்காத குணம். ஆனால் அந்தப் பூச்சு ஒரு தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இராது. பித்தளைக் குடத்துக்குப் பழகிய கை செங்கல் தூளோடு பம்பரில் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்?

1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர் காரைக்கால் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். சட்டப்படி இணைப்பு முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. அம்பாசிடர் மார்க் 2 வந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். ஊருக்குப் புது நாடு, வண்டிக்குக் கட்டம் போட்ட புது கிரில். பார்க்க அழகுதான், துடைக்கிறவனுக்குத்தான் தண்டனை. ஒவ்வொரு கட்டத்தின் கீழ் மூலையிலும் ஒரு சொட்டு தங்கும். துணி அங்கே போகாது. பனியன் கிழிசலைத் தென்னங்குச்சியில் சுற்றி ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்க வேண்டும்.

அந்த நாளில் மேட்டூர் அணை திறந்து காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம். திருநள்ளாறு சாலையில் மேற்கே ஓட்டிப் போய் வாய்க்கால் ஓரம் நிறுத்திக் கழுவுவோம். (வயல்காரர்கள் திட்டியதில் நியாயம் உண்டு.) ஆற்றுத் தண்ணீரில் சேறு இருக்கும், ஆனால் காய்ந்தபின் அது தூசியாகத் தட்டினால் போய்விடும். மாசி முதல் ஆனி வரை வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போதுதான் கிணறு, அடிபம்பு. அப்போதுதான் புள்ளி விழும். ஆக, எங்களுக்குப் பம்பர் கறை ஒரு கோடைக்காலச் சங்கடம், அம்மை நோய் மாதிரி.

அதை வருஷம் முழுக்க ஆக்கியது போர்வெல். மோட்டார் வைத்து, பீய்ச்சி அடிக்கும் வாட்டர் சர்வீஸ் கடைகள் வந்தன. வேகம் உண்டு, சேறு சுத்தமாகப் போகும். ஆனால் கடலோரத்துப் போர் தண்ணீரில் சுண்ணாம்பும் மெக்னீசியமும் கரைந்து வருகின்றன. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கார் கழுவும் தண்ணீருக்கு எந்த நிர்ணயமும் கிடையாது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்து கரையோரக் கிணறுகளில் உப்பை ஏற்றிவிட்டுப் போனது வேறு. காவிரித் தீர்ப்பாயம் 2007இல் காரைக்காலுக்கென்று ஒதுக்கியது 7 டி.எம்.சி. பயிருக்கே கணக்குப் பார்க்கும் அந்தத் தண்ணீரில் இனி யாரும் பம்பர் கழுவப் போவதில்லை.

ஸ்டாண்டில் மூத்த டிரைவர் ஒருவர் எனக்குக் கறை பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். "தம்பி, மொதல்ல நல்ல தண்ணியத் தொட்டுத் துடைச்சுப் பாரு. போனா அது கடல் காத்து உப்பு. போவலன்னா அது சுண்ணாம்பு. சுண்ணாம்புக்குப் புளிப்புதான் மருந்து."

பெரிய வித்தை இல்லை. வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பழைய வேட்டித் துணியை நனைத்துப் பம்பர் மேல் ஒட்டப் போடுவார். தேய்க்க மாட்டார். சில நிமிஷத்தில் துணியைத் தூக்கிப் பார்த்தால் புள்ளியின் விளிம்பில் பொடிப்பொடியாக நுரை கட்டியிருக்கும். சுண்ணாம்பைப் புளிப்பு கரைக்கும்போது வருகிற காற்று அது. பிறகு நல்ல தண்ணீர், காய்ந்த துணி, கடைசியில் தேங்காயெண்ணெய் தொட்ட விரலால் ஒரு பூச்சு. வினிகர் இல்லாத நாளில் புளிக்கரைசல், அதையும் மெல்லிய துணியில் வடிகட்டித்தான் தொடுவார். புளியில் ஒளிந்திருக்கும் மணல் ஒன்று போதும், பூச்சில் கோடு விழ.

புள்ளியை மாதக்கணக்கில் விட்டால் கதை வேறு. சுண்ணாம்புக்கு அடியில் ஈரமும் உப்பும் தங்கி, பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளை வழியாக இரும்பு வரை போய்த் துருக் கொப்புளம் கிளம்பும். அதற்கப்புறம் சென்னை ஜி.பி. ரோட்டில் புது பம்பர் தேட வேண்டியதுதான். அவசரத்துக்குக் கக்கூஸ் ஆசிட்டை ஊற்றிய கடையையும் பார்த்திருக்கிறேன். கறை போனது, கூடவே குரோமும் போனது.

அம்பாசிடர் 2014இல் நின்றுபோனது. இன்றைய வண்டிகளில் கிரில் பிளாஸ்டிக்கின் மேல் குரோம், சக்கரம் அலுமினியம். சனிப் பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றில் வந்து நிற்கும் கார்களைப் பாருங்கள், பாதி வண்டியின் சக்கரத்தில் சுண்ணாம்பு வட்டம். பாலிஷ் போட்ட வெறும் அலுமினியத்தில் வினிகரை ஊற வைக்காதீர்கள், மங்கிவிடும். நீர்த்த வினிகரால் ஓரத்தில் தொட்டுப் பார்த்து உடனே கழுவிவிடுங்கள். சர்வீஸுக்கு விட்டால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீர், வெயில் ஏறுவதற்குள் காய்ந்த துணி. அதற்குத் தனியாகக் காசு கேட்டாலும் கொடுங்கள், பம்பர் விலையை விடக் குறைவுதான்.