வாக்குச் சீட்டும் மதுக் கிண்ணமும்

போர்க்களத்தில் உயிர்விடத் தகுதி உண்டு. வாக்களிக்கத் தகுதி இல்லையோ? வியட்நாம் போரின்போது அமெரிக்க இளைஞர் எழுப்பிய வினா இது. 1971-இல் விடை கிடைத்தது. 18 வயதினர் வாக்குரிமை பெற்றனர். நேரிய வெற்றி! ஆனால், வாக்குச் சீட்டோடு மதுக் கிண்ணமும் வந்தது. 1970 முதல் 1975 வரை 29 மாநிலங்கள் குடிப்பதற்கான வயது வரம்பைக் குறைத்தன.

விளைந்தது என்ன? சாலைகளிலே இளைஞர் சாவு பெருகிற்று. 1984-இல் நடுவண் அரசு விழித்தது. வரம்பை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியிலே வெட்டு என்றது சட்டம். 1988-க்குள் எல்லா மாநிலங்களும் இணங்கின.

சாலையிலே சிந்திய குருதி உடனே தெரிந்தது. உள்ளே ஊறிய நஞ்சோ பின்னரே புலப்பட்டது. 1990-களில் கிராண்ட், டாசன் எனும் ஆய்வாளர் இருவர் கணக்கெடுப்பொன்றை ஆராய்ந்தனர். 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியோரில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் வாழ்நாளில் என்றேனும் குடிக்கு அடிமையாகியிருந்தனர். 20 வயதிலோ அதன் பின்னரோ தொடங்கியோரில் ஏறத்தாழ 10 பேரே!

வயது மட்டுமே காரணமன்று. மரபும் குடும்பச் சூழலும் பங்குடையன. எனினும், வளர்ந்து முடியாத மூளை பழக்கத்துக்கு எளிதில் இரையாகும்.

எண்ணிப் பாருங்கள்! வாக்குச் சீட்டு, ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றலை இளைஞனுக்குத் தந்தது. மதுக் கிண்ணமோ, அவனையே ஆள வந்தது.